துணிக் கருப்பை

14 ஜூன் 2023, புதன். வகுப்புக்கு ஐந்து பேர் வந்தார்கள். பாடம்: கரு எங்கே வளர்கிறது, மறுபடி ஒரு முறை. இன்று ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். தனக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் கண் தெரியாமல் போகுமா என்று மோகனா கேட்டாள். அவளுக்குப் பார்வை இல்லாததன் காரணம் எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டு, "உனக்கு நல்ல பிள்ளைகள் பிறக்கும், கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை திருத்திச் சொல்ல வேண்டும்.

டான்யா பேனாவை மூடிவிட்டு எழுதியதை மறுபடி படித்தாள். 'சிறிய' என்ற சொல்லில் கண் நின்றது. அடித்துவிடலாமா என்று யோசித்தாள். பிறகு அப்படியே விட்டாள்.

பகலில் அவளுக்கு மலேசியாவின் ரெம்பாவ் பட்டணத்து மருந்துக் கடையில் வேலை. வாரத்தில் இரண்டு மாலை, கோலா சாவாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பழைய ஆயாக் கொட்டகையில் வகுப்பு. ரப்பர் மரம் சீவிய காலத்தில் தாய்மார் விடியலில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவார்களாம். துணித் தொட்டிலாக ஏணை கட்டிய இரும்பு வளையங்கள் விட்டத்தில் இன்னும் வரிசையாகத் தொங்கின. சிரம்பானில் ஒரு தொண்டு அமைப்பு சில வாரம் பயிற்சி கொடுத்து, கண் தெரியாத, காது கேளாத இளம்பெண்களுக்கு உடலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க அவளை அனுப்பியிருந்தது. பள்ளியில் இந்தப் பாடம் படத்திலும் பேச்சிலும் ஓடிப் போயிருந்தது. படம் பார்க்க முடியாதவளுக்கும் பேச்சுக் கேளாதவளுக்கும் அதில் ஒன்றும் ஒட்டவில்லை.

டான்யா ஒவ்வொரு பாடத்தையும் இரண்டாகத் தயாரிப்பாள். கண்ணுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. கைக்கானதை அவளே தைத்தாள். சிவப்புத் துணியில் பஞ்சு திணித்து சின்னக் கொய்யா அளவில் கருப்பை, இரண்டு பக்கமும் நாடாவில் குழாய், நுனியில் பூண்டுப் பல் போலச் சினைப்பை. எல்லாவற்றையும் அமுக்குப் பொத்தான் வைத்துக் கழற்றி மாட்டும்படி ஒரு பழைய தலையணையில் பொருத்தியிருந்தாள். தலையணைதான் வயிறு. காது கேளாதவள் படத்தைப் பார்ப்பாள். பார்த்ததைக் கண் தெரியாதவளின் கையைப் பிடித்துத் துணியில் காட்டுவாள். லோஷினியும் மோகனாவும் அப்படித்தான் ஜோடி சேர்ந்தார்கள். லோஷினிக்குப் பதினேழு வயது, காது கேட்காது, குறும்பு அதிகம். மோகனாவுக்குப் பத்தொன்பது, பிறந்ததிலிருந்து பார்வை இல்லை.

பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் தங்கராஜுவுடையது. அன்று வகுப்புக்குக் கிளம்பி வேனில் ஏறும்போது டான்யாவின் பையிலிருந்து கருப்பை நழுவிச் சீட்டில் விழுந்துவிட்டது. அவர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா டீச்சர் இது, பாகற்காயா? தையல் வகுப்புன்னு சொன்னாங்க, காய்கறி வகுப்பா இருக்கே லா."

மோகனா கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். "அண்ணே, அது நீங்க பத்து மாசம் வாடகை குடுக்காம இருந்த வீடு."

தங்கராஜு சூடு பட்டவர் போல அதைச் சீட்டில் போட்டார். "ஐயையோ! பொண்ணா நீ? டீச்சர், என்னத்த சொல்லிக் குடுக்கறீங்க இதுங்களுக்கு?"

பேச்சு கேளாத லோஷினிதான், அவர் முகத்தைப் பார்த்து, எல்லாருக்கும் முன்னால் சிரித்தாள்.

அந்தக் கலகலப்பு அடங்காமல்தான் மோகனா வகுப்பு முடிந்ததும் போனை டான்யாவின் காதில் வைத்தாள். தம்பின் பட்டணத்தில் மசாஜ் கடை ஒன்றில் வேலை செய்யும் சத்தியசீலன் அனுப்பிய குரல். அவனுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். பார்வையற்றோர் குழு ஒன்றில் பழக்கமாகி, குரலிலேயே வளர்ந்த நேசம். மாதக் கடைசி ஞாயிறு அவன் அக்காவோடு பெண் கேட்டு வருவதாக இருந்தது.

"மோகனா, நேத்து ஒரு கனவு. நமக்கு ஒரு பொம்பளப் பிள்ள. அது உக்காந்து நமக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுது. நான் சொல்றேன், விளையாட்டுச் செய்தி மொதல்ல படிம்மா, உங்கம்மா கேக்குற தங்க வெல எல்லாம் பொறவு லா."

மோகனா உதட்டைக் கடித்துச் சிரித்தாள். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். டான்யாவும் அந்தப் பதிலைச் சொன்னாள்.

அன்றைய குறிப்பில் எழுதாத இன்னொன்றும் டான்யாவின் மனதில் கிடந்தது. சில வாரங்களுக்கு முன், மாதவிலக்குப் பாடத்தன்று மோகனா தலையை நிமிர்த்திச் சொன்னாள்: "எனக்கு மூணு வருஷமா வர்றதில்ல டீச்சர். மாரியாத்தா நிறுத்திட்டா. வரம்." அந்த நாட்களில் மற்றப் பெண்கள் சாமிக்குப் பூக் கட்ட மாட்டார்கள். மோகனாவுக்கு அப்படியொரு நாளே இல்லை. அதனால் தோட்டத்துக் கோயில் மாலை முழுக்க அவள் கைக்கு வந்திருந்தது. மாசமாக இருக்கும் பெண்கள் அவள் கையால் ஒரு முழம் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பிரசவத்துக்குப் போவார்கள். டான்யா ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போகிறவள். இன்னொருவர் சாமி விஷயத்தில் நான் யார் கேட்க என்று, அன்று அடுத்த பெண்ணிடம் நகர்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, திருத்திச் சொல்ல வேண்டியதை வேனிலேயே மூன்று தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். கொட்டகையில் கால் வைத்ததும் லோஷினி அவள் கையைப் பிடித்துப் பின்பக்கத்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

லோஷினி இரண்டு விரலால் தன் கண்களை மூடினாள். மோகனா. அடிவயிற்றில், ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்தாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்துப் பிள்ளையைத் தாலாட்டினாள். புருவத்தை உயர்த்தினாள். கையை விரித்தாள். எங்கே அந்தப் பிள்ளை?

முந்தின வாரம் பிரசவப் பாடத்தில், பிள்ளை தானாக வர முடியாவிட்டால் இங்கே கீறி எடுப்பார்கள் என்று அதே கோட்டை இழுத்து, அதே போலத் தாலாட்டிக் காட்டியவள் டான்யாதான். படித்த பிள்ளை படித்ததைச் சரியாகப் பொருத்திப் பார்த்திருக்கிறது. முந்தின நாள் கோயிலில் மோகனாவுக்குச் சேலை கட்டிவிடும்போது தழும்பைப் பார்த்தாளாம்.

யாரிடமும் சொல்லாதே என்று டான்யா கையால் கேட்டுக்கொண்டாள். லோஷினி ரோஷத்தோடு சைகை செய்தாள். நான் யாரிடம் சொல்வேன், சொன்னால்தான் யாருக்குப் புரியும்? சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அன்று திருத்தம் சொல்லவில்லை. டான்யா எதையோ நடத்தினாள், எதுவும் மனதில் நிற்கவில்லை. இந்தப் பிள்ளையை யாராவது ஏதாவது செய்துவிட்டார்களா என்ற நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. வேனில் திரும்பும்போது, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"மோகனா, ஒனக்கு எப்பவாச்சும் ஆப்ரேஷன் பண்ணிருக்காங்களா?"

"ஆமா டீச்சர். பதினாறு வயசுல. குடல்வால். அது முடிஞ்ச கையோடதான் மாரியாத்தா வரம் குடுத்தா."

குடல்வால் அறுவைக்கு வலப்பக்கம் சின்னத் தழும்புதான் இருக்கும். மருந்துக் கடையில் நின்றவளுக்கு அது தெரியும். வயிற்றின் குறுக்கே ஓடும் தழும்பையும் மூன்று வருஷமாக வராத மாதவிலக்கையும் சேர்த்துப் பார்த்தபோது டான்யா வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். வெளியே எண்ணெய்ச் செம்பனை மரங்கள் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தன.

மறுநாள் மத்தியானம், மோகனா கோயிலுக்குப் பூக் கொண்டுபோகும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனாள். மோகனாவின் தாய் தாயம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். பிஜி என்று சொல்லும் உதிர்ந்த செம்பனைப் பழத்தைப் பொறுக்கும் வேலை. வாசல் குழாயில் கையில் ஒட்டிய எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். மோகனா கோயிலுக்குப் போயிருக்கு. உக்காருங்க, தேத்தண்ணி கலக்கறேன்."

எப்படித் தொடங்குவது என்று டான்யா யோசித்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. "ஆன்ட்டி, மோகனாவுக்குக் கர்ப்பப்பை இருக்குதா?"

தாயம்மாவின் கைகள் நுரையோடு நின்றன. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

தாயம்மா குழாயை மூடினார். கையை முழுதாகக் கழுவாமலே கைலியில் துடைத்தார். "எத்தன பேரு வந்து கேட்டாலும் நான் ஒண்ணுதான் சொல்வேன். நான் கெட்டது நெனைக்கல."

டான்யா வாசல் படியில் உட்கார்ந்தாள்.

"அவங்கப்பா செத்த வருஷம். இருட்டுல பிஜி பொறுக்கப் போயிருவேன். புள்ள தனியாக் கெடக்கும். மாசத் தீட்டு வந்தா எங்க பட்டுச்சு, எங்க படலன்னு அதுக்குத் தெரியாது. லயத்து வீட்டுப் பயலுங்க ஜன்னல்ல நின்னு சிரிப்பானுங்க. ஒரு நாளு வந்து பாக்கறேன், கதவு தெறந்து கெடக்கு. எவனோ உள்ள வந்துட்டுப் போயிருக்கான். புள்ள கட்டிலுக்கு அடியில கெடக்கு. ஒண்ணும் நடக்கல. நடந்துருந்தா?" தாயம்மா மூச்சை இழுத்துக்கொண்டார். "கிளினிக்குல ஒரு டாக்டரு சொன்னாரு. எடுத்துட்டா மாசா மாசம் தொல்ல இல்ல, எவனாச்சும் ஏதாச்சும் செஞ்சாலும் வயித்துல தங்காதுன்னு. தங்காதுன்னாரே, அதான் டீச்சர் என் காதுல நின்னுச்சு."

டான்யா வீட்டுக் கதவைப் பார்த்தாள். அதில் இப்போது பெரிய இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது.

"வரம்னு சொன்னது நீங்களா ஆன்ட்டி?"

"நான் சொல்லல. கோயில்ல பொம்பளைங்க சொன்னாங்க. அதக் கேட்டுப் புள்ள மொகம் அப்பிடியே மலந்து போச்சு. அதுவரைக்கும் அத யாரு ஒரு வேலைக்குக் கூப்பிட்டா? நான் வாய மூடிக்கிட்டேன்."

"சத்தியசீலன் வீட்டுல வர்றாங்களே..."

"வரட்டும். கல்யாணம் முடியட்டும். பிள்ள இல்லாதவங்க ஊருல எத்தன பேரு இல்ல? அதுக்கப்பறம் சாமி கண்ணத் தெறக்கலன்னு சொல்லிக்கலாம். ஒங்க கால்ல விழறேன் டீச்சர், சொல்லிராதீங்க."

"நானா போய்ச் சொல்ல மாட்டேன், ஆன்ட்டி. நீங்கதான் சொல்லணும்." டான்யா எழுந்தாள். "ஆனா அவ என்னைத் திருப்பிக் கேட்டா பொய் சொல்ல என்னால முடியாது. ஒரு தடவ தெரியாமச் சொல்லிட்டேன்."

"வேதக்காரப் பொண்ணு வந்து மாரியாத்தா வரத்தப் பொய்னு சொல்லிருச்சுன்னு ஊரு பேசும்."

"பேசும்," என்றாள் டான்யா. ராத்திரி முழுக்க அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சந்தில் கோல் தட்டும் சத்தம் வந்தது. கூடவே போனிலிருந்து ஓர் ஆணின் சிரிப்பு, அதற்கு மோகனாவின் பதில்: "பேரு வைக்கிறதுக்கு இப்பவே சண்டையா? மொதல்ல வந்து பொண்ணு கேளுங்க."

தாயம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "எனக்கு வாய் வராது. நீங்க அந்தத் துணியில காட்டிச் சொல்லிருங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

புதன்கிழமை மற்றவர்களை வர வேண்டாம் என்று டான்யா சொல்லி அனுப்பியிருந்தாள். சொன்னதைக் கேட்காத லோஷினி மட்டும் வேனில் ஏறி வந்துவிட்டாள். அவளை வாசல் படியில் உட்கார வைத்தாள். தாயம்மா உள்ளே வந்து சுவரோரம் நின்றார்.

"அம்மா வந்துருக்கா?" என்றாள் மோகனா. "செம்பனை வாசம் அடிக்குது."

டான்யா தலையணையை அவள் மடியில் வைத்தாள்.

"மோகனா, போன வாரம் நான் ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன். அதத் திருத்தணும். மொதல்ல இதுல என்னென்ன இருக்குன்னு சொல்லு."

மோகனாவின் விரல்கள் பழகிய பாதையில் போயின. "இது குழாய். இது சினைப்பை. இந்தப் பக்கம் இன்னொண்ணு. நடுவுல வீடு. தங்கராஜு அண்ணன் வீடு." சிரித்தாள்.

"கொஞ்சம் கைய எடு."

பொத்தான்கள் ஒவ்வொன்றாக விடுபடும் சத்தம் கேட்டது. டான்யா மோகனாவின் கையைத் திரும்பத் தலையணை மேல் வைத்தாள். விரல்கள் குழாயைத் தொட்டன, நடுவுக்கு வந்தன, தடுமாறின. மறுபடி ஓரத்திலிருந்து தேடி வந்தன.

"நடுவுல இருந்தது விழுந்துருச்சு டீச்சர்."

"விழல. நான் எடுத்தேன்."

"ஏன்?"

டான்யா அவள் கையைப் பிடித்து அவளுடைய அடிவயிற்றில், உடுப்புக்கு மேலாக, அந்தத் தழும்பு இருக்கும் இடத்தில் வைத்தாள். "ஒனக்கு உள்ள இப்பிடித்தான் இருக்கு, மோகனா. அன்னைக்கு எடுத்தது குடல்வால் இல்ல."

கூரையில் எங்கோ ஒரு பல்லி கத்தியது. மோகனா அழவில்லை. ஒரு கை வயிற்றிலேயே இருக்க, மறு கையின் சுண்டுவிரலால் தலையணையிலிருந்த வெறும் பொத்தான்களைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"திருப்பி மாட்ட முடியுமா?"

"துணியில முடியும்."

மோகனா தலையை ஆட்டினாள், பாடம் புரிந்துவிட்டது என்பதுபோல. பிறகு கேட்டாள்: "அப்ப மாரியாத்தா எனக்கு ஒண்ணும் குடுக்கலியா?"

இந்த முறை டான்யா எதையும் சொல்லி நிரப்பவில்லை.

"அம்மாடி..." என்று தாயம்மா சுவரோரத்திலிருந்து ஓரடி வந்தார்.

"நீ சும்மா இரும்மா." மோகனா குரலை உயர்த்தவில்லை. "வயித்துல இருக்கறவங்களுக்கெல்லாம் பூ குடுத்தேன். என் கை ராசின்னு வாங்கிட்டுப் போனாங்க. நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

தாயம்மா மறுபடி சுவரோரத்துக்கு நகர்ந்தார்.

"என்னைய ஒரு வார்த்த கேக்கலியேம்மா. கேட்டுருந்தா சரின்னுகூடச் சொல்லிருப்பேன். அந்த வயசுல எனக்கு என்னா தெரியும்? நீ சொன்னா சரின்னு சொல்லிருப்பேன். ஆனாக் கேட்டுருக்கலாம்."

"கேக்கணும்னு தோணல," என்றார் தாயம்மா. அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வாசல் படியில் இருந்த லோஷினிக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து உள்ளே வந்தாள். டான்யாவின் கையில் சிவப்புத் துணி கழன்று கிடப்பதைப் பார்த்தாள். வழக்கமான வேலை என்று நினைத்து அதை வாங்கி மோகனாவின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைப் பிடித்துப் பொத்தான் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் மோகனாவின் விரல்கள் மூடிக்கொண்டன. லோஷினி இழுத்துப் பார்த்தாள். கை அசையவில்லை. நிமிர்ந்து மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். தாயம்மாவின் முகத்தில் அவள் பார்வை நின்றது. தன் அடிவயிற்றுக்குப் போன விரல் கோட்டை இழுக்காமல் பாதியில் நின்றது. பிறகு மோகனாவை ஒட்டி உட்கார்ந்து, அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

லோஷினியின் தலையைத் தடவியபடி மோகனா கேட்டாள்: "அவருகிட்ட யாரு சொல்றது?"

"நான் அவங்க அக்காகிட்ட மெதுவா..." என்று தாயம்மா தொடங்கினார்.

"வேணாம். நானே சொல்றேன். ஞாயித்துக்கிழம எல்லாரும் தட்டோட வந்து நிக்கறப்ப வேணாம். போன்லயும் வேணாம். போன்ல அவரு மூச்சு கேக்காது." முகத்தை டான்யா இருக்கும் பக்கம் திருப்பினாள். "தம்பினுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா டீச்சர்?"

"போவேன்."

"அவரு பிள்ள வேணும்னு போயிட்டா?"

உனக்கு நல்லதே நடக்கும் என்ற சொற்கள் டான்யாவின் நாக்கு நுனி வரை வந்தன. விழுங்கிக்கொண்டாள். "தெரியல, மோகனா. போறப்பவும் வர்றப்பவும் நான் கூட இருப்பேன்."

வேன் வந்தது. தங்கராஜு, மோகனாவின் மூடிய கைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த சிவப்புத் துணியைக் கண்டு, "என்னா, இன்னிக்குப் பாகற்காய வீட்டுக்கே..." என்று ஆரம்பித்தார். அவர்களுடைய முகங்களைப் பார்த்தார். இறங்கி வந்து கதவைத் திறந்து பிடித்தார். தாயம்மா பின் சீட்டில் ஏறினார். மோகனா முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவர்கள் போன பிறகு, வேன் தனக்காகத் திரும்பி வரும்வரை, டான்யா விளக்கைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். தலைக்கு மேலே இரும்பு வளையங்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

21 ஜூன் 2023, புதன். வகுப்புக்கு இரண்டு பேர் வந்தார்கள். பாடம்: சென்ற வாரம் நான் சொன்னதைத் திருத்தியது. திருத்திய முறை சரிதானா என்று தெரியவில்லை. வேறு முறையும் எனக்குத் தெரியவில்லை. பிறக்கும் பிள்ளைக்கும் கண் தெரியாமல் போகுமா என்ற மோகனாவின் கேள்விக்கு இனிப் பதில் தேட வேண்டியதில்லை.

நாளை: மருந்துக் கடைக்கு விடுப்புச் சொல்ல வேண்டும். காலையில் மோகனாவைத் தம்பினுக்குக் கூட்டிப் போய், சத்தியசீலன் வேலை செய்யும் கடையில் விட்டுவிட்டு, வெளியே நிற்க வேண்டும். திரும்பும் வழியில் சிவப்புத் துணி வாங்கி வந்து கருப்பை ஒன்று தைக்க வேண்டும். பழையதை மோகனாவிடம் கேட்கக் கூடாது.